ஊசி போட்டும் கோழி சாவது ஏன்? உடலுக்குள் அடிக்கும் தண்டோரா!

'ஊசி போட்டேன் சார்... அப்படியும் பன்னிரண்டு கோழி வெள்ளைக்கழிச்சல்ல போயிருச்சு. அப்புறம் எதுக்கு சார் ஊசி?'

விதைக்கும் உரத்துக்கும் வேளாண்மை அலுவலகம் வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்கும் கேள்வி இது. இந்த இதழுக்கு வரும் கடிதங்களிலும் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. நியாயமான கேள்விதான். பத்து, இருபது நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் கோழிதான் கைச்செலவுக்கான உண்டியல். பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டும், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது பஞ்சாரத்தில்தான். அந்தப் பஞ்சாரம் ஒரே வாரத்தில் காலியானால், வீட்டுப் பெண்களின் ஒரு வருட உழைப்பு போய்விடுகிறது.

இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் மருந்துக் குப்பியில் இருக்கிறது. மீதிப் பாதி கோழியின் உடலுக்குள் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊசி மருந்து நோயைக் கொல்வதில்லை

பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தால், மருந்தே பூச்சியைக் கொல்கிறது. தடுப்பூசியும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பு மருந்தில் இருப்பது வீரியம் குறைந்த அதே நோய்க்கிருமி. 'எதிரி இப்படித்தான் இருப்பான், அடையாளம் பார்த்துக்கொள்' என்று உடலுக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அடையாளம் கண்டு, ஆள் திரட்டி, ஆயுதம் செய்து வைப்பது எல்லாம் கோழியின் வேலை.

ஊருக்குள் திருடன் புகுந்தால், பார்த்தவர் ஒருவர் சத்தம் போடுவார். தண்டோரா அடிக்கப்படும். தெருவுக்குத் தெரு ஆள் கூடும். உடலிலும் இப்படித் தண்டோரா அடிக்கப்படுகிறது. ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி அனுப்பச் சிறு சிறு புரதங்களைச் சுரக்கிறது. இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் என்பவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதன், மாடு, ஆடு, கோழி எல்லோருக்கும் உண்டு. ஆனால், உலகம் முதன்முதலில் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தது கோழி முட்டைக்குள்தான்.

முட்டைக்குள் கிடைத்த புரதம்

1957-ம் ஆண்டு. லண்டன், மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். கரு வளரும் கோழி முட்டையின் ஓட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதைத் துண்டு துண்டாக எடுத்து, சூட்டால் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்ஸா வைரஸோடு சேர்த்து ஊற வைத்தார்கள். சில மணி நேரம் கழித்து, உயிருள்ள வைரஸை அந்தச் சவ்வில் விட்டார்கள். வைரஸ் பெருகவில்லை.

அடுத்து, சவ்வு ஊறிய நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் விட்டார்கள். அந்தச் சவ்விலும் வைரஸ் பெருகவில்லை. அப்படியென்றால், முதல் சவ்வு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நீரில் விட்டிருக்கிறது. அதுதான் புதிய சவ்வை எச்சரித்துக் காப்பாற்றியிருக்கிறது. வைரஸின் வேலையில் குறுக்கிடும் பொருள் என்பதால், குறுக்கிடுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இருந்து 'இன்டர்ஃபெரான்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் மனித இன்டர்ஃபெரான், மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கு எதிரான மருந்தாகவே பயன்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டும் கோழி ஒரு பாடம் சொல்லியிருந்தது. கோழியின் எச்சத் துவாரத்துக்கு மேலே உள்பக்கமாக, பை போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் பர்சா. இது எதற்கு என்று நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர், குஞ்சுப் பருவத்திலேயே பர்சாவை நீக்கிய கோழிகளை வளர்த்து வந்தார். சக மாணவர் ஒருவர் வகுப்பில் செய்முறை காட்ட அந்தக் கோழிகளை வாங்கிக் கிருமியைச் செலுத்தியபோது, அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகவே இல்லை. இதை எழுதிய கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1956-ல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில்தான் அது வெளியானது. இன்று டாக்டர்கள் 'பி செல்' என்று சொல்கிறார்களே, எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் ரத்த அணு... அந்த 'பி' என்ற எழுத்து, பர்சாவின் முதல் எழுத்து!

யார், யாருக்கு, என்ன செய்தி?

சைட்டோகைன்களில் பல வகை உண்டு. முக்கியமானவை மட்டும் இங்கே.

இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, பீட்டா: வைரஸ் புகுந்த செல் போடும் முதல் கூச்சல். பக்கத்துச் செல்கள் இதைக் கேட்டவுடன் கதவைச் சாத்திக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே நடப்பது இது.

இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6: காய்ச்சலை ஏற்றி, தீவனத்தின் மீது விருப்பத்தைக் குறைத்து, கோழியை ஓரமாக உட்கார வைப்பவை. தசைக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சத்தை நோய் எதிர்ப்புக்குத் திருப்பிவிடுபவையும் இவைதாம்.

இன்டர்லூகின்-8: கிருமி இருக்கும் இடத்துக்கு வெள்ளை அணுக்களை அழைத்து வரும்.

இன்டர்லூகின்-2, இன்டர்ஃபெரான் காமா: 'டி செல்' என்ற படை பெருகவும், கிருமியை விழுங்கும் அணுக்கள் வேகம் பிடிக்கவும் உத்தரவு கொடுப்பவை.

இன்டர்லூகின்-10: 'போதும், நிறுத்து' என்ற செய்தி. இது இல்லையென்றால் சண்டை ஓயாமல் சொந்த உடலே புண்ணாகும்.

இத்தனை செய்தியும் போய்ச் சேர்ந்து, பி செல்கள் பெருகி, எதிர்ப்பொருள் போதிய அளவு ரத்தத்தில் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. பக்கத்து வீட்டில் கோழி செத்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டால் பல நேரங்களில் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம். ஊசி போடும்போதே கிருமி உள்ளே இருந்திருக்கும். வெளியே தெரியாமல் சில நாள்கள் உடலுக்குள் வளர்ந்துகொண்டிருப்பது அந்த வைரஸின் குணம். பழி மட்டும் ஊசி மீது விழுகிறது.

தண்டோராவை அமுக்கும் வைரஸ்

வெள்ளைக்கழிச்சலை ராணிக்கெட் நோய் என்றும் சொல்கிறோம். ராணிக்கெட் என்பது இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள மலை ஊர். நம் நாட்டில் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். உலகின் மற்ற பகுதிகளில் இதே நோய்க்கு நியூகாசில் நோய் என்று பெயர்.

இந்த வைரஸ் தந்திரமானது. 'வி' என்ற ஒரு புரதத்தை அது தயாரிக்கிறது. கோழியின் செல் இன்டர்ஃபெரான் தண்டோரா அடிக்கும்போது, அதை அமுக்குவது இந்தப் புரதத்தின் வேலை. தண்டோரா கேட்காத தெருவில் திருடன் சாவகாசமாக நடப்பது போல, வைரஸ் பெருகி முன்னே ஓடிவிடுகிறது. அதனால்தான் ஊசி போடாத கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. முன்கூட்டியே தடுப்பூசி போட்ட கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தயாராகக் காத்திருக்கும். தண்டோராவை அமுக்கினாலும் அது வேலை செய்யும்.

அதே 'வி' புரதம் மனித உடலின் இன்டர்ஃபெரானை அமுக்க முடியாமல் தோற்றுப்போகிறது. வெள்ளைக்கழிச்சல் மனிதரிடம் பெரிதாகப் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். நோய்க்கோழியைக் கையாண்டவர்களுக்குச் சில நேரம் கண் சிவந்து நீர் வடியும். சில நாள்களில் சரியாகிவிடும். ஆனாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம்.

வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை

பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகள் வேகமாகச் சாகின்றன. வாத்துகளோ பல நேரங்களில் அதே வைரஸைச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காதது போல நீந்துகின்றன. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைச் சொன்னது. இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் செல்லுக்குள் வந்ததும் மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானைச் சுரக்கச் சொல்லும் 'ரிக்-ஐ' என்ற காவலாளி வாத்திடம் இருக்கிறது. கோழியிடம் அந்த மரபணு காணவில்லை. வாத்தின் மரபணுவைக் கோழியின் செல்லில் வைத்துப் பார்த்தபோது, வைரஸ் பெருகும் வேகம் குறைந்தது. கோழியிடம் வேறு காவலாளிகள் உண்டு. ஆனால் இந்த ஆள் இல்லாததால் தண்டோரா போதிய வேகத்தில் கிளம்புவதில்லை.

நமக்கான பாடம் எளிது. வாத்தையும் கோழியையும் ஒரே கொட்டகையில் அடைக்க வேண்டாம். வாத்து இறங்கும் குட்டைத் தண்ணீரைக் கோழிக்கு வைக்க வேண்டாம். வாத்து நன்றாக இருக்கிறது என்பதால் அதனிடம் கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

ஆராய்ச்சியில் இவை எப்படிப் பயன்படுகின்றன?

மனிதருக்கான பரிசோதனைப் பொருள்களை வைத்துக் கோழியின் சைட்டோகைனை அளக்க முடியாது. கோழிப் புரதத்தின் அமைப்பு அந்த அளவுக்கு வேறுபட்டது. 1994-ல் கோழியின் இன்டர்ஃபெரான் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்டர்ஃபெரான் காமா. 2004-ல் நம் வீட்டுக் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழியின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. அதன் பிறகு ஆராய்ச்சி வேகம் பிடித்தது. இன்று முக்கியமாக நான்கு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, தடுப்பூசியை எடை போடுவது. ஊசி போட்ட கோழியின் ரத்த அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் அந்த நோய்க்கிருமியின் புரதத்தைக் காட்டுவார்கள். அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தால், 'எதிரியை நினைவில் வைத்திருக்கின்றன' என்று பொருள். மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: மாட்டின் காசநோயைக் கண்டறியப் பல நாடுகளில் இதே முறையிலான ரத்தப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது.

இரண்டு, ஊசி மருந்துக்குத் துணை சேர்ப்பது. சிறிதளவு சைட்டோகைனையோ அதன் மரபணுவையோ தடுப்பு மருந்தோடு சேர்த்தால் எதிர்ப்பு கூடுமா என்று ஆராய்கிறார்கள். இது இன்னும் ஆய்வகத்தில் இருக்கும் வேலை.

மூன்று, ரத்தக்கழிச்சலுக்கு மாற்று தேடுவது. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி, கோழியின் குடலில் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் இன்டர்லூகின்-10 கூடும்படி செய்து தப்பித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் மஞ்சள்கருவில் இன்டர்லூகின்-10-க்கு எதிரான எதிர்ப்பொருள் வரும்படி செய்தார்கள். அந்த மஞ்சள்கருவை உலர்த்தித் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, ரத்தக்கழிச்சலால் கறிக்கோழிகளின் எடை குறைவது மட்டுப்பட்டது.

நான்கு, முட்டையையே மருந்துப் பட்டறை ஆக்குவது. டாலி என்ற குளோனிங் ஆடு பிறந்த ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில், மனித இன்டர்ஃபெரானை வெள்ளைக்கருவில் சுரக்கும் கோழிகளை உருவாக்கி, 2019-ல் அறிவித்தார்கள். மூன்று முட்டை இருந்தால் ஒரு வேளை மருந்துக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கோழிகள் ஆய்வகத்தைத் தாண்டுவதில்லை. கடை முட்டைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

நம் கொட்டகையில் தண்டோரா கேட்காமல் போவது எதனால்?

நல்ல மருந்து, சரியான நாள், சரியான அளவு. அப்படியும் சில கோழிகளின் உடல் பதில் சொல்வதில்லை. பெரும்பாலும் காரணங்கள் இவைதாம்.

பூஞ்சைத் தீவனம்: ஈரம் பட்ட மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுப்பதோடு, நோய் எதிர்ப்பையும் அமுக்கும். பூசணம் பிடித்ததைக் 'கோழிக்குத்தானே' என்று போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

கம்போரோ: பர்சாவைத் தாக்கும் வைரஸ் நோய். 3 முதல் 6 வார வயதில் அதிகம் வரும். பர்சா அழிந்தால் பி செல் இல்லை. பி செல் இல்லாவிட்டால் அடுத்து எந்த ஊசி போட்டும் எதிர்ப்பொருள் சரியாக வராது. கம்போரோ வந்து பிழைத்த குஞ்சு, பிறகு வெள்ளைக்கழிச்சலில் சாவதன் ரகசியம் இதுதான்.

வெயிலும் நெரிசலும்: கோழியின் உடல் வெப்பம் இயல்பிலேயே 106 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து இரைக்கும் கோழியின் உடலில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற சுரப்பு ஏறும். அது தண்டோராவின் குரலைத் தாழ்த்திவிடும்.

குடற்புழு: புழு தின்றது போக மிஞ்சும் சத்தில்தான் எதிர்ப்பொருள் செய்ய வேண்டும்.

தாயிடம் இருந்து வந்த எதிர்ப்பொருள்: ஊசி போட்ட தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு வரும். முதல் சில நாள்கள் அது காவல். அந்த நேரத்தில் தடுப்பு மருந்து கொடுத்தால், அந்த எதிர்ப்பொருளே மருந்தையும் அழித்துவிடும். முதல் சொட்டு மருந்தை 7-வது நாள் கொடுப்பதும், பிறகு மறுபடி கொடுப்பதும் இதனால்தான்.

சூடு பட்ட மருந்து: உயிருள்ள கிருமி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் குப்பிக்குள் செத்த கிருமிதான் மிஞ்சும்.

செய்ய வேண்டியவை

7-வது நாள்: எஃப் அல்லது லசோட்டா மருந்து, கண் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.
14-வது நாள்: கம்போரோ சொட்டு மருந்து.
28-வது நாள்: லசோட்டா மறுபடியும்.
8-வது வாரம்: ஆர்2பி ஊசி, இறக்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி.

ஆர்2பி ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். இந்த ஊசியை ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட வேண்டாம். அந்த வயதில் அதைத் தாங்காது. ஐஸ் பெட்டியில் மருந்தைக் கொண்டு வந்து, காலையிலோ மாலையிலோ போடுங்கள். கலக்கிய மருந்தை நிழலில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மீந்ததை அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு குப்பி வாங்கி வீணாக்காமல், தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவும் குறையும், ஊருக்கே காவலும் கிடைக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் தவறவிட வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஊசி போட்ட மறுநாள் கோழிகள் சோர்ந்து உட்காருகின்றன. நோய் வந்துவிட்டதா?

பதில்: இன்டர்லூகின்-1, 6 வேலை செய்கின்றன என்று பொருள். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். சுத்தமான தண்ணீரும் நிழலும் கொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, கழுத்து திருகினாலோ, பச்சையாகக் கழிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 'இம்யூனிட்டி டானிக்' என்று கடையில் விற்கிறார்கள். கொடுத்தால் ஊசி தேவையில்லையா?

பதில்: டானிக் எதிரியை அடையாளம் காட்டாது. வைட்டமின் குறைவு இருந்தால் வைட்டமின் உதவும், அவ்வளவுதான். கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு கொடுக்கிறவர்கள் கொடுங்கள். ஊசிக்குப் பதிலாக அல்ல. கையில் காசு குறைவு என்றால் டானிக்கை விட்டுவிட்டு, ஊசியையும் நல்ல தீவனத்தையும் வாங்குங்கள்.

கேள்வி: ஊசிக்குப் பதில் கண்ணில் சொட்டு விடுவது ஏன்? தண்ணீரில் கலந்து கொடுக்கக் கூடாதா?

பதில்: கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்த இடம். சொட்டு விட்டால் அந்த இடத்திலேயே எதிர்ப்பு தொடங்கும். மூச்சு வழியாக வரும் கிருமிக்கு அதுவே முதல் தடுப்பு. ஒவ்வொரு கோழிக்கும் மருந்து கிடைத்ததா என்றும் உறுதியாகத் தெரியும். அதிகக் கோழி இருந்தால் தண்ணீரில் கொடுக்கலாம். குளோரின் கலந்த தண்ணீர் ஆகாது, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கொஞ்சம் கலக்க வேண்டும்.

கேள்வி: நோய் வந்த பிறகு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிழைக்குமா?

பதில்: வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. கூட வரும் பாக்டீரியாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். நோய்க்கோழியைப் பிரித்து வையுங்கள். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்; ஓடையிலோ சாலை ஓரத்திலோ வீச வேண்டாம். அவசர அவசரமாகச் சந்தையில் விற்றால், உங்கள் நஷ்டம் நூறு வீட்டுக்குப் போகும்.

கேள்வி: ஊசி போட்ட கோழியின் முட்டையையும் கறியையும் சாப்பிடலாமா?

பதில்: முட்டையைச் சாப்பிடலாம். கறிக்கு மட்டும், குப்பியில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடியும்வரை அறுக்க வேண்டாம். அதனால் குப்பியைத் தூக்கிப் போடும் முன் அந்த நாளையும், மருந்தின் பெயரையும், ஊசி போட்ட தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.